நாற்பத்தெட்டு எண்கள்

உலகம்மையின் தொண்டையில் இருப்பது புற்றுநோய்தான் என்றும், குரல்வளையை முழுதாக எடுத்தாக வேண்டும் என்றும் டாக்டர் சொன்னது மே மாதக் கடைசியில். ஜூன் இருபத்துநாலு என்று ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். அதற்குப் பிறகு அவளால் பேச முடியாது. கழுத்தில் போடுகிற துளை வழியாகத்தான் மூச்சு.

அவள் திருவனந்தபுரத்தில் மணக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருபத்தாறு வருஷமாகத் தமிழ் டீச்சர். போணக்காடு எஸ்டேட்டில் பிறந்து வளர்ந்தவள். அறுபது பிள்ளைகள் இருக்கிற வகுப்பிலும் குரலை உயர்த்தாமல் கடைசி பெஞ்ச் வரைக்கும் கேட்க வைப்பாள். கணவர் வேல்சாமி நாங்குநேரிப் பக்கத்துக்காரர். இருபது வயதில் திருவனந்தபுரம் வந்து, சாலைக் கடைத்தெருவில் ஒரு பைப் கடையில் சேர்ந்தவர், முப்பத்தைந்து வருஷமாக அதே கடையில் நிற்கிறார். பிள்ளைகள் இல்லை. வீட்டில் பேச்சு என்றால் அது உலகம்மையின் பேச்சுதான். வேல்சாமி கேட்டுக்கொண்டிருப்பார்.

ஜூன் மாதம் முழுவதும் அவள் லீவு போட்டாள். தினமும் சாயங்காலம் நாலு மணிக்கு உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து ஹெட்செட்டை மாட்டிக்கொள்வாள். குரல் அப்போதே கரகரத்துத் தேய்ந்திருந்தது. கதவுக்கு வெளியே வேல்சாமிக்கு ஒரு முணுமுணுப்பு மட்டும் கேட்கும். என்ன சொல்கிறாள் என்று தெரியாது.

ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முந்தின நாள் அவரை உட்கார வைத்துச் சொன்னாள்: “விண்டோஸ்ல ‘அவருக்கு’ன்னு ஒரு ஃபோல்டர் இருக்கு. நான் வீட்டுக்கு வர்றதுக்குள்ள அதைக் கேட்டுருங்க. நேர்ல சொன்னா நீங்க சண்டைக்கு வருவீங்க, நான் அழுதுருவேன். ரெண்டும் வேண்டாம்.”

சரி என்றார்.

அந்தக் கம்ப்யூட்டரில் இரண்டு டிஸ்க் உண்டு. பள்ளிக்கூடத்தில் எல்லாம் விண்டோஸுக்குப் பதில் உபுண்டு என்ற இலவச சிஸ்டம்தான் என்பதால், பள்ளி வேலைக்கு ஒரு டிஸ்கில் உபுண்டுவும் மற்றதற்கெல்லாம் இன்னொரு டிஸ்கில் விண்டோஸும் போட்டு வாங்கியிருந்தாள். சுவிட்சைப் போட்டால் எது வேண்டும் என்று முதலில் கேட்கும். வேல்சாமிக்கு விண்டோஸைத் திறந்து செய்தி பார்க்கத் தெரியும். அதற்கு மேல் தெரியாது.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் மாற்றுத்துணி எடுக்க வீட்டுக்கு வந்தார். கம்ப்யூட்டரைப் போட்டு ஃபோல்டரைத் திறந்தார். மூன்று ஃபைல் இருந்தது. முதல் ஃபைலை அழுத்தி ஹெட்செட்டைக் காதில் வைத்தார். நாற்காலி நகர்கிற சத்தம். ஒரு இருமல். பிறகு அவள் குரல், “இங்க பாருங்க,” என்றது.

வேல்சாமி ஹெட்செட்டைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார். ஐ.சி.யு.வில் கழுத்தில் குழாயோடு, வாய் அசைந்தும் சத்தம் வராமல் கிடந்தவளை அப்போதுதான் பார்த்துவிட்டு வந்திருந்தார். இந்தக் குரல் முடிந்துபோனது என்று ஒத்துக்கொண்டால்தான் இதைக் கேட்க முடியும் என்று அவருக்குத் தோன்றியது. நாளைக்குக் கேட்கலாம் என்று கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். மறுநாளும் கேட்கவில்லை.

ஜூலை ஒன்பதாம் தேதி உலகம்மை வீட்டுக்கு வந்தாள். அவளுக்கு எழுதுவதற்கென்று பழைய வினாத்தாள்களின் வெள்ளைப் பின்பக்கங்களை அடுக்கிக் கிளிப் போட்டுக் கட்டிலோரம் வைத்திருந்தார். அதில் அவள் எழுதிய முதல் வார்த்தை, ‘கேட்டீங்களா?’

வேல்சாமி தலையாட்டினார். அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல், “எல்லாம் கேட்டேன்,” என்று வாயாலும் சொன்னார்.

அவள் மேலே எதையோ எதிர்பார்ப்பதுபோல இருந்தது. அடுத்த மூன்று நாட்களும் அப்படித்தான் இருந்தாள். அவர் காபி ஆற்றும்போதும், துணி மடிக்கும்போதும் அவள் கண் கூடவே வந்தது. நாலாவது நாள் திங்கட்கிழமை. ரேடியேஷனுக்கு டாக்டர் வரச் சொல்லியிருந்த நாள். வேல்சாமி ஆட்டோவை அழைத்து வாசலில் நிறுத்திவிட்டு மாடியேறி வந்து, கிளம்பலாமா என்று கேட்டார். உலகம்மை சற்று நேரம் ஆட்டோவை ஜன்னல் வழியாகப் பார்த்தாள். பிறகு எழுந்து புடவையை மாற்றிக்கொண்டு, கழுத்துத் துளையின்மேல் துணியைக் கட்டிக்கொண்டு, அவர் கையைப் பிடிக்காமல் படியிறங்கினாள்.

முப்பது தடவை ரேடியேஷன் கரண்ட் வைத்தார்கள். ஆறு வாரம் போக வர. முகத்துக்கும் தோளுக்கும் வலைபோல ஒரு உறையைப் போட்டு, அதை மேஜையோடு சேர்த்துப் பொருத்துவார்கள். இரண்டாவது வாரத்திலேயே வாயெல்லாம் புண். நாலாவது வாரத்தில் கழுத்துத் தோல் கறுத்து உரிந்தது. மூக்கு வழியாகக் குழாய் போட்டுக் கஞ்சித் தண்ணீர் விட வேண்டியதாயிற்று. அவள் ஒரு நாளும் வரமாட்டேன் என்று எழுதவில்லை. போணக்காட்டு மலைக்குக் கீழே வித்துராவில் இருக்கிற அக்கா ஆவுடைத்தாய் வீடியோவில் கூப்பிட்டால் மட்டும் போனைத் திருப்பிக் கவிழ்த்து வைப்பாள். தன்னை இந்தக் கோலத்தில் அக்கா பார்க்க வேண்டாம் என்று நினைக்கிறாள் என வேல்சாமி எண்ணிக்கொண்டார். கடையில் யார் கேட்டாலும், அவள் தைரியமாக ஒத்துழைக்கிறாள் என்று சொன்னார். சொல்லும்போது அவருக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

ஃபோல்டர் ஞாபகம் அடிக்கடி வரும். இப்போது அவசரம் இல்லை, அவள்தான் கூடவே இருக்கிறாளே என்று தள்ளிப்போட்டார்.

நவம்பரில் இருமல் தொடங்கியது. ஸ்கேனில் இரண்டு நுரையீரலிலும் இருந்தது. டாக்டர் அவரை மட்டும் உள்ளே கூப்பிட்டு, இனி வலி இல்லாமல் பார்த்துக்கொள்வதுதான் செய்யக்கூடியது என்றார். எத்தனை நாள் என்று வேல்சாமி கேட்டதற்கு, வாரங்கள் என்று சொன்னார்.

அன்றைக்கு வீட்டுக்கு வந்து, அவள் தூங்குகிற நேரம் பார்த்துக் கம்ப்யூட்டர் சுவிட்சைப் போட்டார். இனி தள்ளிப்போட முடியாது என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கம்ப்யூட்டர் உயிர் பெறவில்லை. விளக்குகூட எரியவில்லை.

அதை அசெம்பிள் செய்து கொடுத்தவன் ராகேஷ். கிழக்கேகோட்டையில் ஒரு மாடியில் கடை வைத்திருந்தான். அவன் வந்து திறந்து பார்த்து, ஐப்பசித் துலாவருஷ மழையின் இடியில் மதர்போர்டு போய்விட்டது, பிளக்கைப் பிடுங்கி வைத்திருக்க வேண்டும் என்றான். டிஸ்க் இரண்டும் நன்றாக இருக்கின்றன என்று அவன் சொன்னதும் வேல்சாமிக்கு மூச்சு வந்தது. நாலு நாளில் புதுப் போர்டு மாட்டிக் கொண்டுவந்தான். போர்டைத் தவிர வேறெதுவும் மாற்றவில்லை என்றான். விண்டோஸை அழுத்தினார்கள். நீலத் திரை வந்தது. நாற்பத்தெட்டு எண்கள் உள்ள ஒரு ரிக்கவரி கீயைக் கேட்டது.

ராகேஷின் முகம் மாறிவிட்டது. புது விண்டோஸில் ஒரு மெயில் ஐடி கொடுத்து உள்ளே போனால் டிஸ்க் தானாகவே பூட்டிக்கொள்ளும், தினமும் பின் நம்பர் போட்டுத் திறந்தால் போதும், பழைய போர்டு இருக்கிற வரைக்கும் பூட்டு இருப்பதே தெரியாது, போர்டு மாறினால் கீயைக் கேட்கும் என்று விளக்கினான். கீ அந்த மெயில் ஐடியின் கணக்கில் இருக்கும்.

“எந்த ஐடி?” என்று வேல்சாமி கேட்டார்.

“டீச்சருக்கு அப்போ ஐடி ஒண்ணும் ரெடியா இல்ல அண்ணாச்சி. நான் என் கையில கிடந்த ஏதோ ஒரு ஐடிய போட்டேன். அப்போ ஒரு நாளைக்கு நாலு சிஸ்டம் போடுவேன். எல்லாத்துக்கும் அப்படித்தான் செய்யறது.”

அவன் மறைக்கவில்லை. கடைக்குக் கூட்டிப்போய், பழைய டைரிகளை எல்லாம் எடுத்துப் போட்டு, ஞாபகத்துக்கு வந்த ஐடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தான். சிலவற்றுக்கு பாஸ்வேர்டு மறந்துபோயிருந்தது. சிலது அவன் விட்டுவிட்ட பழைய போன் நம்பருக்கு ஓ.டி.பி. அனுப்பியது. திறந்த மூன்று கணக்குகளிலும் வேறு யாருடையதோ கீகள் இருந்தன. கருகின போர்டு எங்கே என்று வேல்சாமி கேட்டார். செவ்வாய்க்கிழமை பழைய சாமான் எடுக்கிற ஆக்ரிக்காரனுக்குப் போட்டுவிட்டதாக ராகேஷ் தலையைக் குனிந்துகொண்டு சொன்னான். அது இருந்தாலும் உபயோகப்பட்டிருக்குமா என்று தனக்குத் தெரியாது என்றும் சொன்னான்.

வேல்சாமிக்கு இன்னொரு வழி தோன்றியது. உபுண்டு இன்னும் திறந்துகொண்டுதான் இருந்தது. ஒரே பெட்டிக்குள் இருக்கிற இரண்டு டிஸ்க். இந்தப் பக்கமிருந்து அந்தப் பக்கத்தைப் பார்க்க முடியாதா? உலகம்மையின் பள்ளியில் கம்ப்யூட்டர் பொறுப்பு பார்க்கிற அனில் சாரை அழைத்தார். அனில் கணக்கு வாத்தியார். உலகம்மைக்கு எட்டு வருஷம் ஸ்டாஃப் ரூமில் பக்கத்து நாற்காலி. சனிக்கிழமை மத்தியானமே வந்துவிட்டார். பிரின்டர் சரி பண்ண வந்ததாக உலகம்மையிடம் சொல்லச் சொல்லி வேல்சாமி வாசலிலேயே கேட்டுக்கொண்டார். அனில் காரணம் கேட்கவில்லை.

உபுண்டு திறந்தது. பக்கத்தில் இருந்த பட்டியலில் இன்னொரு டிஸ்க்கின் பெயர் தெரிந்ததும் வேல்சாமி திரைக்குப் பக்கத்தில் குனிந்தார்.

“டிரைவ் காணுது அண்ணாச்சி,” என்றார் அனில் மலையாளம் கலந்த தமிழில். அழுத்தினார். ஒரு சின்னப் பெட்டி வந்து கீயைக் கேட்டது. “பக்ஷே பூட்டித்தான் கிடக்கு.”

அனில் கறுப்புத் திரையைத் திறந்து வரிவரியாக எதையோ அடித்தார். விண்டோஸ் பூட்டின டிஸ்கை உபுண்டுவிலிருந்து திறக்கிற மென்பொருள் இருக்கிறது, தான் பலமுறை செய்திருப்பதாகச் சொன்னார். ஆனால் அதுவும் கீயை வாங்கித்தான் திறக்கும். உள்ளே எத்தனை ஃபைல் இருக்கிறது, எவ்வளவு இடம் நிரம்பியிருக்கிறது, எதுவும் இந்தப் பக்கமிருந்து தெரியாது. டிஸ்க்கின் மொத்த அளவு மட்டும் தெரியும்.

மூன்று சனிக்கிழமை வந்தார். ஒருவேளை டீச்சர் கீயை உபுண்டுப் பக்கம் எங்காவது சேமித்து வைத்திருக்கலாம் என்று அவளுடைய ஃபைல்கள் முழுவதையும் தேடினார். ‘கீ’ என்று தேடினால் நூற்றுக்கு மேல் வந்தது. ஒவ்வொன்றாகத் திறந்தார்கள். பத்தாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வு, ஆன்சர் கீ. ஒன்பதாம் வகுப்பு மாதிரித் தேர்வு, ஆன்சர் கீ. இருபத்தாறு வருஷத்து விடைக்குறிப்புகளில் அவள் கணினியில் அடித்தது எல்லாம் அங்கே இருந்தது. கடைசி ஃபைலை மூடிவிட்டு அனில் கண்ணாடியைக் கழற்றினார்.

“டீச்சர்ட்ட நேரா கேளுங்க அண்ணாச்சி. ஒருவேளை பிரின்ட் எடுத்து எங்கயாவது வச்சிருந்தா?”

அதற்குப் பிறகு கேட்காமல் இருக்க முடியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை, குழாயில் கஞ்சித் தண்ணீர் விட்டு முடித்து, அவள் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்த்துவிட்டு, வேல்சாமி கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். போர்டு கருகினதைச் சொன்னார். ராகேஷைப் பற்றிச் சொன்னார். அனில் பிரின்டருக்காக வரவில்லை என்று சொன்னார். அவளுக்கு இன்னும் புரியாததுபோல இருந்தது. ஒரு தடவை கேட்டதை எதற்காக இவ்வளவு பாடுபட்டுத் திரும்பக் கேட்க வேண்டும் என்பது அவள் முகத்தில் இருந்தது.

“நான் கேக்கல உலகு,” என்றார். “அன்னைக்குப் பொய் சொன்னேன். ‘இங்க பாருங்க’ன்னு நீ சொன்னது வரைக்கும்தான் கேட்டேன். அதுக்கு மேல என்னால முடியல.”

உலகம்மை அசையவில்லை. கழுத்துத் துளையின் மேலிருந்த துணி மட்டும் மூச்சுக்குத் தகுந்தாற்போல உள்ளே போய் வெளியே வந்தது. பிறகு கிளிப் போட்ட தாள்களை எடுக்கக் கை நீட்டினாள். எழுதுவதற்குக் கால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் இரண்டு தடவை பேனாவைக் கீழே வைத்து இளைப்பாறினாள்.

‘மூணாவதுல ஒண்ணு கேட்டிருந்தேன். ஆபரேஷனுக்கு அப்புறம் கரண்ட் வேண்டாம். அக்கா வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க. நடக்க முடியிற வரைக்கும் அங்க நடக்கேன், எத்தனை மாசமோ அத்தனை மாசம். உங்களுக்கு இஷ்டம் இல்லன்னா ஒண்ணும் சொல்ல வேண்டாம், ஆஸ்பத்திரிக்கே கூட்டிட்டுப் போங்க, நான் எதுவும் கேக்க மாட்டேன்னு சொல்லியிருந்தேன். நீங்க எல்லாம் கேட்டேன்னு சொன்னீங்க. திங்கக்கிழமை ஆட்டோ வந்துது.’

கீழே ஒரு இடம் விட்டு, ‘கீ பத்தித் தெரியாது. அப்படி ஒண்ணு இருக்குன்னே தெரியாது’ என்று எழுதியிருந்தாள்.

வேல்சாமி அந்தத் தாளைப் பல தடவை படித்தார். முப்பது தடவை அவளை அந்த மேஜையில் படுக்க வைத்துவிட்டு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முப்பது தடவையும், என் விருப்பம் தெரிந்தும் இவர் என்னைக் கொண்டுவந்து படுக்க வைக்கிறார் என்று அவள் உள்ளே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். மற்ற இரண்டு ஃபைலில் என்ன இருந்தது என்று கேட்டார். அவள் வேண்டாம் என்று கையை அசைத்தாள். அதையெல்லாம் எழுத அவளுக்குத் தெம்பு இல்லை.

“இப்ப போவோம். வித்துராவுக்கு. நாளைக்கே போவோம்,” என்றார்.

அவள் பேனாவைக் கிளிப்பில் மாட்டி வைத்தாள்.

டாக்டர் வேண்டாம் என்றார். வேல்சாமி மன்றாடினார். ஒரு ஆக்சிஜன் சிலிண்டரும், கூட ஒரு நர்ஸும் இருந்தால் வேல்சாமியின் பொறுப்பில் போகலாம் என்று டாக்டர் அரைமனதாகச் சம்மதித்தார். விடைபெறும்போது வேல்சாமி அவரிடம் ஒன்று கேட்டார்: கரண்ட் வைக்காமலே இருந்திருந்தால் இப்போது எப்படி இருந்திருக்கும்? டாக்டர் யோசித்துவிட்டு, இதே மாதிரியும் ஆகியிருக்கலாம், இதைவிடச் சீக்கிரமாகவும் ஆகியிருக்கலாம், யாராலும் சொல்ல முடியாது என்றார்.

புதன்கிழமை காலை வேன் கிளம்பியது. நெடுமங்காடு தாண்டுவதற்குள் உலகம்மைக்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. துளையில் சளி அடைத்தது. நர்ஸ் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, சின்ன மெஷினை வைத்து உறிஞ்சி எடுத்தாள். மறுபடி கிளம்பி இரண்டு கிலோமீட்டர் போவதற்குள் திரும்பவும் அடைத்தது. உதடு நீலமாயிற்று. இனி மேலே ஏற்றம், வளைவு, வழியில் ஏதாவது ஆனால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்று நர்ஸ் சொன்னாள். வேல்சாமி உலகம்மையைப் பார்த்தார். அவள் அவர் உள்ளங்கையை விரித்து, விரலால் ‘போதும்’ என்று எழுதினாள். வேனைத் திருப்பினார்கள்.

அன்று சாயங்காலமே ஆவுடைத்தாய் வித்துராவிலிருந்து பஸ் பிடித்து வந்துவிட்டாள். பதினோரு நாள் தங்கையின் பக்கத்திலேயே இருந்தாள். உலகம்மை அதற்குப் பிறகு அதிகம் எழுதவில்லை. தண்ணீர், வலி, ஜன்னல், அப்படி ஒற்றை வார்த்தைகள். வேல்சாமி மன்னிப்புக் கேட்டபோது அவர் கையின்மேல் தன் கையை வைத்தாள். அதற்கு என்ன அர்த்தம் என்று அவரால் நிச்சயமாகச் சொல்ல முடியாது. பன்னிரண்டாம் நாள் விடிகாலையில் இறந்துபோனாள்.

பதினாறாம் நாள் சடங்கு முடிந்த மத்தியானம் அனில் வந்தார். அவள் இடத்துக்கு வந்திருக்கிற புது டீச்சருக்கு வினாத்தாள்கள் வேண்டுமாம். உபுண்டுவைத் திறந்து எல்லாவற்றையும் ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டார். பட்டியலில் அந்த இன்னொரு டிஸ்க்கின் பெயர் அப்படியே இருந்தது. இதை அழித்துவிட்டால் பெட்டியை வேறு உபயோகத்துக்கு வைத்துக்கொள்ளலாம் என்று அனில் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“ஒவ்வொரு எண்ணா மாத்தி மாத்திப் போட்டுப் பாத்தா எவ்வளவு நாள் ஆகும் சார்?” என்று வேல்சாமி கேட்டார்.

கணக்கு வாத்தியார் பொய் சொல்லவில்லை. “நம்ம ஆயுசு போதாது அண்ணாச்சி. யாரோட ஆயுசும் போதாது.”

அழிக்க வேண்டாம் என்று வேல்சாமி சொன்னார். அனில் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் ஆவுடைத்தாய் ஊருக்குக் கிளம்பினாள். பையைக் கட்டி வாசலில் வைத்துவிட்டு, இத்தனை நாள் பேசாதிருந்ததைப் பேசினாள்.

“ஜூன்லயே என்கிட்ட போன்ல சொன்னா, அக்கா, ஆபரேஷன் முடிஞ்சதும் வருவேன்னு. பின்பக்க ரூமுக்கு வெள்ளையடிச்சு, புதுக் கட்டில் வாங்கிப் போட்டு வச்சிருந்தேன். அப்புறம் மெசேஜ்ல எழுதுறா, அவருக்கு இஷ்டமில்ல, நீ இதைப் பத்தி அவர்ட்ட ஒண்ணும் கேக்கக்கூடாதுன்னு. நானும் கேக்கல. உங்களுக்கு அவ எங்க வீட்டுல வந்து இருக்கறது அவ்வளவு பிடிக்காமப் போச்சா?”

ஆமாம், தனக்கு இஷ்டமில்லை என்று வேல்சாமி ஒத்துக்கொண்டுவிடலாம். பொண்டாட்டி கடைசியாகப் பேசி வைத்ததைக் கேட்கவில்லை, கேட்டதாகப் பொய் சொன்னேன் என்று சொல்லலாம். இரண்டில் எது குறைந்த பாவம் என்று அவருக்குத் தெரியவில்லை.

“வைத்தியம் பண்ணினா பிழைச்சுருவான்னு நினைச்சேன் மயினி,” என்றார்.

ஆவுடைத்தாய் செருப்பை மாட்டிக்கொண்டாள். அவர் அவள் பையைத் தூக்கிக்கொண்டு கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூடவே நடந்தார். வித்துரா பஸ்ஸில் இடம் கிடைத்தது. மனசு கேட்கவில்லையென்றால் நாலு நாள் வந்து இருந்துவிட்டுப் போங்கள் என்று ஜன்னலோரம் உட்கார்ந்தபடி ஒப்புக்குச் சொன்னாள். அவரும் வருகிறேன் என்றார். பஸ் போன பிறகு கடைக்குப் போனார். பைப் லோடு வந்திருந்தது. இறக்கி முடிக்க ஏழு மணி ஆயிற்று.

வித்துராவுக்கு அவர் போகவில்லை.